நீலக் குறி சொன்ன வழியில்...

அலறல் ஒரே ஒரு முறைதான் கேட்டது.

மிச்சத்தை ஆற்றின் இரைச்சல் விழுங்கிவிட்டது.

ராபன் பள்ளத்தில் அன்று காலை மூட்டம். நீட்டிய கை தெரியாத மூட்டம். கருங்காட்டு மலைகளில் அக்டோபர் வந்தால் அப்படித்தான்... கூப்பிடாத விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டு கிளம்பவே கிளம்பாது.

டாக்டர் லோத்தார் கீஸ்லிங் பாறை விளிம்புக்குக் கீழே, ஷ்வெல்லா ஆற்றின் கற்கள் மேல் மல்லாந்து கிடந்தார்.

ஃப்ரைபுர்க் நகரத்தில் பேர் பெற்ற பல் டாக்டர். ஐம்பது வயது. காலில் புத்தம் புது மலைநடை பூட்ஸ்.

கண்கள் திறந்திருந்தன.

வாயும்.

ஆயிரம் பேரை வாய் திறக்கச் சொன்ன மனிதர், தன் வாயை மூடிவிட ஆளில்லாமல் கிடந்தார்.

பக்கத்தில் ஒரு மலர்வளையம். அதன் நாடாவில் தங்க எழுத்து... 'என் கெர்லிண்டேவுக்கு.'

மேலே, மூட்டத்துக்குள், யாரோ ஒரு பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தார்கள்.

அவசரமே இல்லாமல்.

*

"கெர்லிண்டே யாரு?"

இன்ஸ்பெக்டர் ஆன்ஸ்கர் ஃபைட் கேட்டார். மறுநாள் மதியம். ஃபால்கன்வைலர் கிராமத்தில் இருப்பதே ஒரு விடுதி. அதன் ஜன்னலோர மேஜையில் அவருக்கு முன்னால் பன்றி இறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கு சாலடும். எதிரில் கான்ஸ்டபிள் வீப்கே. வடகடல் பக்கத்துப் பெண். மேடு என்றால் கடற்கரை மணல்மேடு மட்டும்தான் தெரியும் அவளுக்கு.

விடுதிக்காரி ஹெட்விக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர் பொண்டாட்டி. இந்த ஊர்ப் பொண்ணு. மூணு வருஷம் முன்னாடி, வெள்ளத்தப்போ, அந்தப் பள்ளத்துல நடைபாலத்துல இருந்து ஆத்துல போயிட்டா. வழுக்கிட்டாளாம். உடம்புகூடக் கிடைக்கல. நினைவு நாளுக்கு வருஷா வருஷம் மாலை எடுத்துட்டு வருவாரு மனுஷன்."

"அந்தப் பாதை அவருக்குத் தெரிஞ்ச பாதைதானே? எப்படி விழுந்தாரு?"

"என்னத்தத் தெரியும்? டவுன்காரரு. மரத்துல குறி இல்லேன்னா ஒரு அடி வைக்கமாட்டாரு. பாதை தெரிஞ்சவ அவ. அந்தப் பாதையே கெர்லிண்டே போட்டதுதான். மலைநடைச் சங்கத்துல பாதைப் பொறுப்பு அவளுது. ஒவ்வொரு மரத்துலயும் நீலக் குறி... எல்லாம் அவ கை. இப்போ அந்தப் பொறுப்பை அவ தங்கச்சி மார்லீஸ் பாக்கறா."

"டாக்டருக்கு ஆகாதவங்க யாராவது?"

ஹெட்விக் சுற்றும்முற்றும் பார்த்தாள். குரலை இறக்கினாள்.

"செவ்வாய்க்கிழமை இதே மேஜைல... ஊரே பாத்துட்டு இருக்கு... மார்லீஸ் அவரு மூஞ்சில முழு கிளாஸ் பீரை ஊத்தினா. 'அந்தப் பள்ளத்துலயே விழுந்து சாவு'ன்னா. வியாழக்கிழமை விழுந்து செத்தாரு."

"எதுக்கு ஊத்தினாங்க?"

"அக்கா இடத்துக்குத் தங்கச்சி வரணுமாம். கல்யாணம் பண்ணிக்கன்னு ஒரே நச்சரிப்பு. ஓயாம போன், ஓயாம பூ. இவளுக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது."

ஆன்ஸ்கர் இறைச்சியை மென்றார்.

"முழு கிளாஸா?"

"முழு கிளாஸ்."

"அப்போ கோபம் நிஜம்தான். இந்த ஊர்ல சும்மா யாரும் பீரை வீணாக்கமாட்டாங்க."

வீப்கே சிரித்தாள். ஹெட்விக் சிரிக்கவில்லை.

"ஏம்மா, நீயும் பள்ளத்துக்குள்ள போறியா?"

"போகணுமே."

"போ. ஆனா மூட்டத்துல பொம்பளைக் குரல் 'வணக்கம்'னு சொல்லும். பதில் சொல்லிடாத."

"ஏன்?"

"அது கெர்லிண்டே. சிவப்பு மழைக்கோட்டு. பாத்தவங்க நிறைய பேரு. பதில் சொன்னா வழி தப்பிடும்."

"பாதைல எதிர்ல வர்றவங்க வணக்கம் சொன்னா, பதில் சொல்லாம எப்படிங்க போறது? என்ன நினைப்பாங்க?"

"அதாம்மா கஷ்டம்" என்றாள் ஹெட்விக். "எங்க ஆளுங்க பாதி பேரு வழி தப்பினது அந்த மரியாதையாலதான்."

*

மார்லீஸ் முன்னால் நடந்தாள்.

முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அகலமான தோள்கள். மூன்று வருடமாக நல்ல தூக்கம் காணாத கண்கள்.

பள்ளம் இறங்க இறங்க வெளிச்சம் குறைந்தது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. அதில் ஊறும் நீர். அடியில் ஷ்வெல்லா, தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு ஓடியது. எந்த மரத்தின் பின்னாலும் யாரோ நிற்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தால் மரம்தான்.

வீப்கே அடிக்கடி திரும்பிப் பார்த்தாள்.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் மார்லீஸ் நின்றாள். ஒரு பெரிய மரம். அதில் சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி நீலக் குறி, வலது பக்கம் மேலே ஏறச் சொன்னது. குறியின் ஓரத்தில் பிய்ந்த பாசி ஒட்டியிருந்தது.

"இந்தக் கோடைல மண் சரிஞ்சது சார். இடது பக்கம் போற பழைய பாதை, பாறை விளிம்புல போய் அப்படியே அறுந்து நிக்குது. அதனால புதுப் பாதையை வலது பக்கம் ஏத்திவிட்டேன். இங்க குறுக்க மரத்தடுப்பு கட்டியிருந்தேன்."

"எங்க தடுப்பு?"

அவள் கை காட்டினாள். தடுப்பு, சற்றுத் தள்ளிப் புதருக்குள் கிடந்தது.

ஆன்ஸ்கர் இடது பக்கம் நடந்தார். முதல் மரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. அடுத்த மரத்திலும். அதற்கடுத்ததிலும். விளிம்பு வரை.

நகத்தால் சுரண்டினார்.

உள்ளே நீலம். இன்னும் பிசுபிசுத்தது.

"ஆக... யாரோ பழைய பாதைல புதுசா நீலக் குறி போட்டிருக்காங்க. தடுப்பை எடுத்துட்டு, வலது பக்கக் குறியைப் பாசியை வச்சு மறைச்சிருக்காங்க. மூட்டத்துல டாக்டர் குறியை நம்பி நேரா நடந்திருக்காரு. அவரு விழுந்தப்புறம் பாசியை எடுத்துட்டு, நீலத்து மேல சாம்பல் அடிச்சிட்டாங்க."

"தடயத்தை மறைக்க" என்றாள் வீப்கே.

"மறைக்கிறவன் பட்டையோட செதுக்கி ஆத்துல போட்டிருப்பான். சாம்பல் எதுக்கு?"

மார்லீஸ் மெதுவாகச் சொன்னாள்.

"அது சங்கத்து முறை சார். போகக்கூடாத பாதைல குறி இருந்தா, மேல சாம்பல் அடிச்சுடணும். இல்லேன்னா பின்னால வர்ற யாராவது நம்பிப் போயிடுவாங்க."

"அந்த முறை யாருக்குத் தெரியும்?"

"பாதைப் பொறுப்பாளருக்குத் தெரியும்."

"இந்தப் பாதைக்குப் பொறுப்பாளர் யாரு?"



"...நான்."

"பெயிண்ட் டப்பா?"

"என் கொட்டகைல இருக்கு. கொட்டகைக்குப் பூட்டு கிடையாது. இந்த ஊர்ல யாரு பூட்டறா?" அவள் ஆன்ஸ்கரை நேராகப் பார்த்தாள். "சார், அந்த ஆளு செத்ததுக்கு நான் அழல. அது நிஜம். ஆனா நான் கொல்லல. ஜெயிலுக்குப் போறதுகூடப் பரவாயில்ல... அக்கா நினைவா எனக்கு மிச்சம் இருக்கறது இந்தப் பாதை ஒண்ணுதான். அவ போட்ட குறியை வச்சே ஒரு ஆளைக் கொன்னேன்னு ஊரு பேசுமே. அதை எப்படி சார் தாங்குவேன்?"

ஆன்ஸ்கர் வாயைத் திறந்தார்.

அப்போதுதான் கேட்டது.

"வணக்கம்..."

பெண் குரல். பக்கத்திலா... தூரத்திலா... மேலேயா... கீழேயா... தெரியவில்லை. பாறைகள் அதை வாங்கி ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டன.

"வணக்கங்க" என்றாள் வீப்கே, நாக்கு முந்திக்கொண்டு.

பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாதையில் ஆள் இல்லை. மூட்டம் மட்டும் அசைந்தது. மேலே எங்கோ... ஒரு கணம்... சிவப்பாக ஏதோ. இல்லை. அதுவும் இல்லை.

மார்லீஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"உங்களுக்கும் கேட்டுதா? நிஜமா கேட்டுதா? மூணு வருஷமா எனக்குக் கேக்குது சார். அந்த டாக்டர்கிட்ட சொன்னேன். மனப்பிரமைன்னு மாத்திரை குடுத்தாரு."

வீப்கே தன் கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

"சார், போலாம் சார்."

மூவரும் திரும்பினார்கள். பள்ளத்தின் வாசலில் ஒரு வழிகாட்டிப் பலகை சாய்ந்து, ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆன்ஸ்கர் நடந்தபடியே அதைப் பிடித்து நிமிர்த்தினார். ஒரு கல்லை எடுத்து அடியில் முட்டுக் கொடுத்தார். அம்பு ஊர்ப்பக்கம் திரும்பியதா என்று ஒற்றைக் கண்ணை மூடிச் சரிபார்த்தார்.

மார்லீஸ் அவரையே பார்த்தாள்.

"சார்... இப்போ என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?"

"பலகையை நேராக்கினீங்க. அது உங்க வேலை இல்லியே?"

"தப்பா காட்டுதே! பாத்துட்டு எப்படிம்மா விட்டுட்டுப் போறது?"

"அதேதான் சார்." அவள் கண்களில் முதல் முறையாக வெளிச்சம். "கொலைகாரனும் அந்த ரகம்தான். ஆளு விழுந்தாச்சு, வேலை முடிஞ்சது, ஓடியிருக்கணும். ஓடல. நின்னு ஒவ்வொரு மரமா சாம்பல் அடிச்சிருக்கான். தப்பான குறியை விட்டுட்டுப் போக அவனால முடியல. நான் இன்னொரு தப்பான குறி போடறேன் சார். அதே இடத்துல. பாத்துட்டே இருப்போம். யாரு அழிக்க வர்றாங்களோ, அவங்கதான்."

வீப்கே வாய்பிளந்தாள்.

"பள்ளத்தைத்தான் நாம மூடிட்டோமே. ரெண்டு வாசல்லயும் போலீஸ் நாடா. நடக்கவே ஆள் இல்லாத பாதைல யாரு வந்து குறி திருத்தப் போறாங்க?"

"நீங்க வடக்கு. உங்களுக்குப் புரியாது" என்றாள் மார்லீஸ். "முகட்டு வழியா இறங்க சங்கத்து ஆளுங்களுக்கு வழி தெரியும். வருவாங்க."

ஆன்ஸ்கர் தாடையைத் தடவினார்.

"திங்கட்கிழமை காலைல உங்களை நீதிபதி முன்னாடி நிறுத்தணும். சனி, ஞாயிறு உங்களுது. யாரும் வரலேன்னா, என்கூட வந்து வண்டில ஏறிடணும்."

"ஏறிடறேன்."

*

சனிக்கிழமை யாரும் வரவில்லை.

மழை வந்தது. ஒரு நரி வந்தது. பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்த மூவரில் வீப்கேவுக்குத் தும்மல் வந்தது.

"கொலைகாரன் வீட்ல போர்வைக்குள்ள இருக்கான் சார். தண்டனை நமக்குத்தான்."

மார்லீஸ் மரத்தில் தான் போட்ட பொய்க் குறியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது நேராக விளிம்புக்குப் போகச் சொன்னது. போய் அழித்துவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தாள். ஆன்ஸ்கர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை.

மறுபடி மூட்டம். ஊர்த் தேவாலய மணி தூரத்தில் அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு வந்த அமைதி, மணிச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மார்லீஸ் கைகளைப் பிசைந்தாள்.

இன்னும் ஒரே ஒரு பகல். பிறகு நீதிபதி.

சர்ரக்...

மூவரும் நிமிர்ந்தார்கள்.

சர்ரக்... சர்ரக்...

மரப்பட்டையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கும் சத்தம்.

மூட்டத்துக்குள் ஓர் உருவம். முதலில் வெறும் நிழல். பிறகு... நிறம்.

சிவப்பு.

சிவப்பு மழைக்கோட்டு!

வீப்கே ஆன்ஸ்கரின் கையை நசுக்கினாள். உதடுகள் ஜெபத்தில் அசைந்தன.

"சார்... அது... சார்..."

"உஷ்."

"செத்தவங்க சார்!"

"செத்தவங்க எதுக்கு டப்பாவைக் கையில தூக்கிட்டு வர்றாங்க?"

உருவம் குனிந்தது. டப்பா மூடியை நெம்பியது. பிரஷ்ஷைத் தோய்த்து, விளிம்பில் வழித்து, பொய்க் குறியின் மேல் சாம்பலை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் பூசியது. தள்ளி நின்று பார்த்தது. விட்டுப்போன ஓரத்தில் மறுபடி ஒரு தடவு தடவியது.

மார்லீஸ் எழுந்துவிட்டாள்.

அவளுக்கு அந்தக் கையைத் தெரியும். அந்த இழுப்பைத் தெரியும்.

"அக்கா..."

உருவம் திரும்பியது.

நாற்பத்து நாலு வயதிருக்கும். முடி முழுக்க நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் கண்கள்... மூன்று வருடமாக மார்லீஸின் தூக்கத்தைக் கெடுத்த அதே கண்கள்.

"கிட்ட வராத" என்றாள் கெர்லிண்டே. "பெயிண்ட் ஈரமா இருக்கு."

மார்லீஸ் கேட்கவில்லை. ஓடினாள். கட்டிக்கொண்டாள். சூடாக இருந்தது. மூச்சு இருந்தது. இருவர் கோட்டிலும் சாம்பல் நிறம் அப்பியது. மார்லீஸ் அழுத அழுகையில் ஆற்றுச் சத்தம்கூடக் கொஞ்ச நேரம் கேட்கவில்லை.

பிறகு அவள் அழுகை சட்டென்று நின்றது.

புரிந்துவிட்டது.

அக்காவின் முன்னால் வந்து, மறைத்துக்கொண்டு நின்றாள்.

"சார். நான்தான் கொன்னேன். ஒத்துக்கறேன். வண்டி எங்க?"

ஆன்ஸ்கர் பெருமூச்சு விட்டார்.

"சும்மா இருடி" என்றாள் கெர்லிண்டே. தங்கையைத் தோளைப் பிடித்து நகர்த்தினாள். "நான் சொல்றேன் சார். அன்னிக்கு நான் வழுக்கல. தள்ளினான். பாலத்து நடுவுல, தோள்ல கை போட்டுக்கிட்டே தள்ளினான். ஆறு என்னை ரொம்ப தூரம் கொண்டுபோய் ஒதுக்குச்சு. முகட்டுக்கு அந்தப் பக்கம் கன்னியர் மடம். அங்க துணி துவைக்கிறேன். வேற பேரு."

"என்கிட்ட ஏன் வரல?" மார்லீஸ் கேட்டாள். "ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை..."

"நான் உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சா, மறுபடி என்னைத் தேடுவான். முதல்ல உன்கிட்டதான் வருவான். அவன் டாக்டர், அவன் பேச்சைத்தான் ஊரு நம்பும். நான் செத்தவளாவே இருந்தா உன்னை விட்டுடுவான்னு நினைச்சேன். விடல. உன்னைக் கட்டிக்கப் போறான்னு மடத்துக்கு ரொட்டி கொண்டு வர்றவன் சொன்னான். அப்புறம் உன்னையும் ஒருநாள் அந்தப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போவான்ல? இந்த வருஷம் அவனைப் பாலம் வரைக்கும் போகவிடல. அவ்வளவுதான்."

வீப்கே மெதுவாகக் கேட்டாள்.

"அந்த வணக்கம்... நீங்களா?"

"மூட்டம் போட்டா என் பாதையைப் பாக்க வருவேன். எதிர்ல ஆள் நிழல் தெரிஞ்சா வாய் முந்திக்குது. சொல்லிட்டு அப்புறம்தான் ஒளிவேன்."

"அதை விடுங்க." ஆன்ஸ்கர் முன்னால் வந்தார். "அவரு விழுந்தாச்சு. யாருக்கும் உங்க மேல சந்தேகம் இல்ல. நீங்கதான் செத்தவங்களாச்சே! மடத்துல பேசாம துணி துவைச்சிருக்கலாம். இன்னிக்கு எதுக்கு வந்தீங்க? இது நாங்க வச்ச பொறின்னு தெரியலியா?"

கெர்லிண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கொஞ்சம் கோபமாகவே.

"தெரியாம என்ன? நேத்து மேல இருந்து பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. என் தங்கச்சி கையெல்லாம் நடுங்கிப் போட்டிருக்கா, குறி கோணலா இருக்கு. பின்னால பாறை மறைவுல ஒருத்தி தும்மிட்டு வேற இருந்தா."

வீப்கே தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரிஞ்சும் வந்தீங்களா?"

"ராத்திரி முழுக்கத் தூக்கம் வரல சார். உங்க நாடாவைத் தாண்டிக் குதிச்சு எவனாவது வந்தா? குழந்தையைத் தோள்ல தூக்கிட்டு வந்தா? குறி நேரா விளிம்பைக் காட்டுதே. நான் கொல்ல நினைச்சது ஒருத்தனை. அதோட முடிஞ்சது. இன்னொரு உயிர் என் பாதைல போகக்கூடாது."



ஆறு பேசிக்கொண்டே போனது.

மார்லீஸ் அக்காவின் கையை விடவில்லை. இந்தக் கை திரும்பக் கிடைத்து எவ்வளவு நேரம் இருக்கும்? அதற்குள் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள். தான் தப்பிக்க வைத்த பொறி. தானே கையால் போட்ட குறி. மாட்டிக்கொண்டது அக்கா.

"நான்தான் சார்" என்றாள் மறுபடியும். "டப்பா என்னுது. பொறுப்பு என்னுது. ஊரே கேட்டுது, நான் சாவுன்னு சொன்னதை. அக்காவை விட்டுடுங்க."

ஆன்ஸ்கர் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார்.

ஒருத்தியைப் பார்த்தார். இன்னொருத்தியைப் பார்த்தார். விலங்கைப் பார்த்தார்.

திரும்ப இடுப்பிலேயே மாட்டிக்கொண்டார்.

"சார்?" என்றாள் வீப்கே. "யாரைக் கைது பண்றது?"

"மார்லீஸை முடியாது. கொலை பண்ணல."

"அப்போ இவங்களை?"

"இவங்களையும் முடியாது. போன வருஷமே கோர்ட்டு இவங்க இறந்துட்டதா அறிவிச்சு, முத்திரை குத்தி, கோப்பை மூடியாச்சு. செத்தவங்க மேல வழக்குப் போட நம்ம நாட்டுச் சட்டத்துல இடம் இல்ல." அவர் கெர்லிண்டேவின் கையிலிருந்த பெயிண்ட் டப்பாவை வாங்கி, மூடியை அழுத்தி மூடினார். "முதல்ல இவங்க உயிரோடதான் இருக்காங்கன்னு பதிவு ஆபீஸ்ல நிரூபிக்கணும். அது வரைக்கும் தங்கச்சி வீட்ல இருக்கட்டும். அவங்க எழுதிக் குடுத்தப்புறம்தான் விலங்கு, வழக்கு, ஜெயில் எல்லாம்."

மார்லீஸ் நிமிர்ந்தாள்.

"அதுக்கு... எவ்வளவு நாளாகும் சார்?"

ஆன்ஸ்கர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஊர்ப்பக்கம் நடந்தார்.

"அந்த ஆபீசாம்மா? அதுக்குள்ள உங்க அக்காவோட ஆயுள் தண்டனையே முடிஞ்சிடும்."